மெல்லிய பீங்கான் தளவோடுகளின் வன்மையும் தரைக்கு அவற்றின் தகுதியும்

மனை எடுப்போர் சுவரின் உயரத்தையும் கூரையின் வனப்பையும் பன்முறை எண்ணிப் பார்ப்பர். தரையைக் குறித்து எண்ணுவதோ பெரும்பாலும் இறுதியிலேயாம். எனினும், ஒரு மனையின் உறுப்புக்களுள் நாள்தோறும் நம் உடலோடு நேரே பழகுவது தரையே. குழந்தை தவழ்வதும், முதியோர் தடியூன்றி நடப்பதும், பெண்டிர் பாத்திரங்களை இறக்கி வைப்பதும், விருந்தினர் பந்தியில் அமர்வதும் அதன்மேல்தான். ஆதலின், அது வழுக்காமலும் வெடிக்காமலும் நீரை உட்கொள்ளாமலும் பல்லாண்டு நிற்றல் வேண்டும்.

நம் நாட்டில் சாணமிட்டு மெழுகிய மண்தரையும், சுண்ணாம்புத் தளமும், செங்கற் பரப்பிய தளவரிசையும், காவி கலந்த சிமெண்டுத் தரையும், கடப்பைக் கல்லும், செட்டிநாட்டார் மனைகளை அணிசெய்யும் ஆத்தங்குடிக் கற்களும் ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒருங்கேயும் வழங்கி வந்துள்ளன. இக்காலத்தில் இவற்றுட் பலவற்றின் இடத்தைப் பீங்கான் தளவோடுகள் கைக்கொண்டுவிட்டன. அவற்றுள்ளும், எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் கனமுள்ள ஓடுகளோடு, மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் வரையே கனமுள்ள மெல்லிய ஓடுகளும் கடைகளில் வந்து நிற்கின்றன. “பழைய தரையைப் பெயர்க்க வேண்டா; அதன்மேலேயே ஒட்டிவிடலாம்,” என்று விற்போர் கூறுகின்றனர். “எழுதுபலகைபோல் மெல்லியதாகிய ஒன்று பீரோவையும் கட்டிலையும் எங்ஙனம் தாங்கும்?” என்று வாங்குவோர் ஐயுறுகின்றனர். ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு இவ்வினாவின் விடையைச் சார்ந்திருத்தலின், இதனை இருசாராரின் சொல்லுக்கு விட்டுவிடாமல், கணக்கைக் கொண்டும் பொருளின் இயல்பைக் கொண்டும் நாமே ஆராய்வது தக்கது.

1. பீங்கானின் இயல்பு

களிமண்ணைச் சுட்டால் செங்கலும் கூரையோடும் பானையும் ஆகும். அவற்றினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்டுளைகள் பலவுள. அத்துளைகளின் வழியே நீர் கசிதலினாலேயே மட்பாண்டத்து நீர் குளிர்கின்றது. பீங்கானோ இத்தகையதன்று. வெண்களிமண், மணற்சத்தாகிய படிகக்கல், பெல்ட்ஸ்பார் என்னும் கல் ஆகிய மூன்றையும் நுண்ணிய பொடியாக அரைத்துச் சேர்த்து, ஏறக்குறைய 1200 பாகை வெப்பத்தில் சுடுங்கால், பெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடிபோலாகி, மற்றைத் துகள்களுக்கு இடையேயுள்ள வெளிகளை நிரப்பிவிடுகின்றது. குளிர்ந்தபின் கல்லும் கண்ணாடியும் பின்னிப் பிணைந்த ஒரு பொருள் எஞ்சுகின்றது. அதுவே பீங்கான்.

இக்கலையைச் சீனர் ஐரோப்பியருக்குப் பன்னூறாண்டு முன்னரே கைவரப் பெற்றிருந்தனர். வெண்களிமண்ணுக்கு வழங்கும் ‘கயோலின்’ என்னும் பெயர், சீனத்து ஜிங்டெஜென் நகருக்கு அணித்தாகிய காவோலிங் என்னும் ஊர்ப்பெயரின் திரிபேயாம். ஐரோப்பாவில் சாக்சனி நாட்டுப் பெட்கரும் சிர்ன்ஹாசும் 1708-ஆம் ஆண்டளவில் இதன் மறையைக் கண்டறிய, 1710-இல் மைசன் நகரத்துத் தொழிற்சாலை எழுந்தது. ஆயினும், அந்நாளில் பீங்கான் கிண்ணத்துக்கும் தட்டுக்குமே உரியதாயிருந்தது. அதன்மேல் நடப்பதை எவரும் எண்ணிற்றிலர்.

இன்று தரையோட்டைப் ‘பீங்கான்’ என்று அழைத்தற்குரிய அளவுகோல் ஒன்றுண்டு. உலர்ந்த ஓட்டை நிறுத்து, பின்னர் அது பருகவல்ல நீர் முழுவதையும் பருகச் செய்து மீண்டும் நிறுத்தல் வேண்டும். ஏறிய எடை, உலர்ந்த எடையில் நூற்றுக்கு அரைப்பங்கிற்கு மேற்படலாகாது. அஃதாவது, ஒரு கிலோ எடையுள்ள ஓடு ஐந்து கிராமுக்கு மேல் நீரை ஏற்றலாகாது. ஐ.எஸ்.ஓ. 13006 என்னும் உலகப் பொதுவிதி இவ்வகையையே தன் வகுப்புக்களுள் முதற்கண் வைத்திருக்கின்றது. இச்சிறப்பே பின்னர் ஓர் இடையூறாகவும் மாறுவதை மேலே காண்போம்.

2. கனம் குறைந்த வரலாறு

ஈரக் களிமண்ணைப் பிசைந்து அச்சிலிட்டுச் செய்யும் ஓடு உலரும்போது வளையும், வெடிக்கும், ஒன்றுபோல் ஒன்று அமையாது. 1840-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரிச்சர்டு பிராசர் என்பார், ஏறக்குறைய உலர்ந்த களிமண் தூளை இரும்பச்சிலிட்டு அழுத்திப் பொத்தான்கள் செய்யும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஸ்டோக் நகரத்துப் பீங்கான் வணிகராகிய ஹெர்பர்ட் மிண்டன் அம்முறையைத் தளவோட்டிற்குப் பயன்படுத்தினார். இன்றளவும் தளவோட்டுத் தொழிலின் முதுகெலும்பாயிருப்பது இவ்வுலர் அழுத்தமே.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலி நாட்டுச் சாசுவோலோ வட்டாரத்தார் இம்முறையைப் பெரிதும் வளர்த்தனர். நாட்கணக்கில் எரிந்த பழஞ்சூளைக்கு மாறாக, சுழலும் உருளைகளின்மேல் ஓடுகள் ஒவ்வொன்றாய் ஊர்ந்து செல்லும் நீண்ட சூளை அமைந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்குள் ஓடு வெந்து வெளிவரலாயிற்று. பின்னர், 2001-ஆம் ஆண்டில் பியோரானோ மொதெனேசே என்னும் ஊரில் தோன்றிய லாமினம் என்னும் நிறுவனம், ஒரு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீளமும் மூன்றே மில்லிமீட்டர் கனமும் உடைய பலகைகளைச் செய்து காட்டியது. இவை முதற்கண் சுவருக்கும் கட்டடத்தின் முகப்புக்கும் உரியனவாயிருந்தன. அவற்றைத் தரையிலும் பதிக்கலாகாதா என்னும் ஆசை அதன்பின் எழுந்தது.

அவ்வாசைக்கு வரம்பு வகுக்க வேண்டி, அமெரிக்க நாட்டார் 2017-ஆம் ஆண்டில் ஏ.என்.எஸ்.ஐ. ஏ 137.3 என்னும் விதியை வெளியிட்டனர். அதன்படி, 3.5 முதல் 4.9 மில்லிமீட்டர் வரை கனமுள்ளவை சுவருக்கும், 5.0 முதல் 6.5 மில்லிமீட்டர் வரை கனமுள்ளவை தரைக்கும் உரியன. இவ்வெல்லை ஏன் ஐந்து மில்லிமீட்டரை ஒட்டி அமைந்தது என்பது கீழ்வரும் கணக்கினால் விளங்கும்.

3. வன்மை என்பது ஒன்றோ?

‘இவ்வோடு வலியது’ என்று பொதுப்படக் கூறுவதனால் பயனில்லை. தரையோட்டிற்கு வேண்டும் வன்மை நால்வகைப்படும். அவையாவன: தேய்வைத் தாங்கும் வன்மை, நசுக்கலைத் தாங்கும் வன்மை, வளைவைத் தாங்கும் வன்மை, மோதலைத் தாங்கும் வன்மை என்பன.

தேய்வு மேற்பரப்பைப் பற்றியது. கால்மணல் உராய்வதனால் பளிங்கு எளிதிற் கீறுபடும்; பீங்கானோ அதனினும் பெரிதும் கடினமாதலின் அவ்வளவு கீறுபடாது. மூன்று மில்லிமீட்டர் ஓட்டின் மேற்பரப்பும் பத்து மில்லிமீட்டர் ஓட்டின் மேற்பரப்பும் ஒரே கலவையாயின் இதிற் சமமே. ஆதலின், மெல்லிய ஓடு விரைவில் தேய்ந்துவிடும் என்பார் கூற்று பொருந்தாது.

நசுக்கல் என்பது மேலும் கீழும் நின்று நேரே அழுத்துதல். பீங்கானைப் போன்ற நொறுங்கும் பொருள்கள் யாவும் நசுக்கலைத் தாங்குவதில் மிக வல்லன. கருங்கற்றூண் கோபுரத்தைத் தாங்குவதும் இவ்வியல்பினாலேயே. இங்கும் கனக்குறைவு பெருங்குறையாகாது.

வளைவோ வேறு. ஒரு பலகை வளையுங்கால் அதன் மேற்பக்கம் நசுங்குகின்றது, கீழ்ப்பக்கம் இழுபடுகின்றது. இழுப்பைத் தாங்குவதில் பீங்கான் எளியது. அதன் பரப்பிலும் ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் எப்பொழுதும் உண்டு. இழுவிசை அக்கீறலின் நுனியிற் குவிந்து அதனைப் பிளந்து செல்கின்றது. கண்ணாடி முதலியன எதிர்பார்க்கும் வலியினும் மிகக் குறைந்த வலியிலேயே உடைவதற்குக் காரணம் இதுவே என்று 1920-இல் ஏ. ஏ. கிரிபித் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். இரும்பாயின் சிறிது நெளிந்து கொடுத்துக் கீறலின் கூர்மையை மழுக்கிவிடும். பீங்கான் நெளிய அறியாது. எனவே, மெல்லிய ஓட்டைக் குறித்த வழக்கு முழுவதும் வளைவையும், அதனோடு சேர்ந்த மோதலையும் பற்றியதேயாம்.

4. கனமும் வலியும்

ஒரு விட்டம் தாங்கும் சுமை அதன் அகலத்தின் அளவாகவும், கனத்தின் இருமடி அளவாகவும் உயரும் என்பதனை 1638-ஆம் ஆண்டிலேயே கலிலியோ தம் நூலில் எடுத்துக் காட்டினார். மரச்சட்டத்தைப் படுக்க வைப்பதினும் நிறுத்தி வைப்பது வலிது என்பதனைத் தச்சர் அறிவர். அதன் காரணமும் இதுவே. கனம் பாதியானால் வலி பாதியாவதில்லை, காற்பங்காகின்றது. மூன்றிலொன்றானால் ஒன்பதிலொன்றாகின்றது.

ஐ.எஸ்.ஓ. விதிப்படி பீங்கான் ஓட்டின் முறிவு வலி, சதுர மில்லிமீட்டருக்குச் சராசரி 35 நியூட்டனுக்குக் குறையலாகாது. இது பொருளின் தன்மை, கனத்தைச் சார்ந்ததன்று. ஓட்டை இரு கோல்களின்மேல் வைத்து நடுவே ஒரு கோலால் அழுத்தி உடைக்குங்கால் கிடைப்பது முறிசுமை. இது கனத்தைச் சார்ந்தது. முறிவு வலியைக் கனத்தின் இருமடியாற் பெருக்கி, மூன்றிலிரண்டு பங்கு கொண்டால் முறிசுமை வரும். 35 நியூட்டன் என்னும் சிற்றெல்லையை வைத்துக் கணக்கிடுவோம்.

பத்து மில்லிமீட்டர் ஓட்டிற்கு 2333 நியூட்டன். அஃதாவது ஏறக்குறைய 238 கிலோ எடை. ஏழரை மில்லிமீட்டருக்கு 1312 நியூட்டன், 134 கிலோ. ஐந்து மில்லிமீட்டருக்கு 583 நியூட்டன், 59 கிலோ. மூன்று மில்லிமீட்டருக்கு 210 நியூட்டன், 21 கிலோ.

இனி விதியை நோக்குவோம். ஏழரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமுள்ள பீங்கான் ஓட்டின் முறிசுமை 1300 நியூட்டனுக்குக் குறையலாகாது; ஏழரைக்குக் குறைந்த கனமுள்ளதற்கு 700 நியூட்டன் போதும் என்பது ஐ.எஸ்.ஓ. விதி. நாம் கண்ட 1312 என்னும் எண் இம்முதலெல்லையோடு ஒத்து நிற்றல் காண்க. ஐந்து மில்லிமீட்டர் ஓடு 700 நியூட்டனை எட்ட வேண்டுமாயின், அதன் முறிவு வலி 35 போதாது, 42 வேண்டும். நல்ல சூளையிலிருந்து வரும் ஓடு இதனை எய்தும். மூன்று மில்லிமீட்டர் ஓடு அதே எல்லையை எட்ட வேண்டுமாயின், முறிவு வலி 117 வரை உயர வேண்டும்; இது தளவோட்டுப் பீங்கானுக்குக் கைகூடாத அளவாகும். ஐந்து மில்லிமீட்டரளவில் எல்லை விழுந்ததன் பொருத்தம் இதனால் விளங்குகின்றது. மூன்று மில்லிமீட்டர்ப் பலகையைத் தரைக்கெனக் கொடுப்போரிடம் நாம் வினவ வேண்டுவன பல.

5. படுக்கையே பலம்

அங்ஙனமாயின், ஐம்பத்தொன்பது கிலோவில் உடையும் ஓட்டின்மேல் இருநூறு கிலோ பீரோ நிற்பது எவ்வாறு? ஓர் அப்பளத்தை இரு விரல்களின்மேல் பாலம்போல் வைத்து நடுவே தொட்டாலும் உடையும். அதனையே வழவழப்பான கருங்கல்லின்மேல் எங்கும் படியுமாறு வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் உடையாது. அப்பளம் இடையில் சிறிதே மேடிட்டிருந்தால் அந்த மேட்டிலிருந்தே உடையும். தளவோடும் அவ்வாறே. மேற்கூறிய முறிசுமை, கீழே தாங்குவார் அற்ற ஓட்டிற்கு உரியது. எங்கும் இடைவெளியின்றி ஒட்டப்பட்டுத் திண்ணிய சிமெண்டுத் தளத்தின்மேற் கிடக்கும் ஓடு வளைவதற்கு இடமே இல்லை. அது நசுக்கலை மட்டுமே தாங்குகின்றது.

ஆயின், கீழே ஒரு பொள்ளல் இருப்பின் நிலைமை மாறும். அதிலும் கொடியது மூலையில் அமையும் பொள்ளல். ஓட்டின் மூலைக்கடியில் சாந்து இல்லையென்று கொள்வோம். மூலை நுனியில் ஒரு சுமை நின்றால், நுனியிலிருந்து உள்ளே செல்லச் செல்லச் சுமையின் நெம்புகோல் நீளம் மிகும். அதே அளவில் தாங்கும் அகலமும் மிகும். இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்தலின், உண்டாகும் இழுவிசை பொள்ளலின் பருமையைச் சார்வதில்லை. சுமையின் மும்மடங்கைக் கனத்தின் இருமடியால் வகுத்தால் வருவதே அதன் அளவு. சிமெண்டுச் சாலையின் மூலை வெடிப்பதனை ஆராய்ந்த பொறியியலார் நெடுநாளாகக் கையாண்டு வரும் கணக்கு இது. இதனால் பெறப்படுவது யாதெனின், ‘சிறு பொள்ளல்தானே’ என்று மூலையைப் பொறுத்தமட்டில் அமைதி கொள்ள இடமில்லை என்பதாம்.

இக்கணக்கின்படி, 35 நியூட்டன் முறிவு வலியுள்ள பத்து மில்லிமீட்டர் ஓட்டின் தாங்கலற்ற மூலை 119 கிலோவில் உடையும். ஐந்து மில்லிமீட்டர் ஓட்டின் மூலை 30 கிலோவிலும், மூன்று மில்லிமீட்டர் ஓட்டின் மூலை 11 கிலோவிலும் உடையும். முப்பது கிலோ என்பது எத்துணை? நிறைந்த எரிவாயு உருளையொன்றின் எடை ஏறக்குறைய அவ்வளவே. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் நாற்காலியிற் சாய்ந்து, அதன் பின்னிரு கால்களில் மட்டும் நின்றால், ஒவ்வொரு காலின் கீழும் விழும் சுமை முப்பது கிலோவிற்கு மேற்படும். கனத்த ஓடு கொத்தனாரின் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்கின்றது. மெல்லிய ஓடு அதனைப் பொறுப்பதில்லை. இவ்விருவகை ஓட்டிற்கும் உள்ள உண்மையான வேற்றுமை இப்பொறுமையிலேயே அடங்கும்.

இதனாலேயே ஓட்டை மட்டும் சோதித்தல் போதாது என்று கண்டு, தளம் முழுவதையும் ஒருங்கே சோதிக்கும் முறை ஒன்றையும் அமெரிக்கர் வைத்துள்ளனர். ஏ.எஸ்.டி.எம். சி 627 என்பது அதன் பெயர். ஓடும் ஒட்டுக்கலவையும் அடித்தளமும் சேர்ந்த மாதிரித் தரை ஒன்றின்மேல், மூன்று சக்கரங்கள் சுமையேந்திச் சுழல்கின்றன. படிகள் பதினான்கு. முதலில் மெல்லிய ரப்பர்ச் சக்கரம், அடுத்துக் கடிய ரப்பர், இறுதியில் எஃகு. மூன்று படி தாங்கினால் வீட்டிற்கு உரியது. ஆறு தாங்கினால் இலேசான பொதுவிடத்துக்கு. பத்து தாங்கினால் நடுத்தரப் போக்குவரத்துக்கு. பன்னிரண்டு தாங்கினால் கனத்த போக்குவரத்துக்கு. பதினான்கும் தாங்கினால் மிகக் கனத்ததற்கு. ஓடு விற்போரிடம் ‘எத்துணை உறுதி?’ என்று கேட்பதினும், ‘இவ்வோட்டை எவ்வகைத் தளத்தின்மேல், எவ்வொட்டுக்கலவையால் பதித்துச் சோதித்தீர்?’ என்று கேட்பதே அறிவுடைமை.

6. பதிக்கும் முறை

நம் ஊர்களில் வழங்கும் முறை யாது? மணலும் சிமெண்டும் கலந்த சாந்தைக் கனமாகப் பரப்பி, அதன்மேற் சிமெண்டுப் பாலை ஊற்றி, ஓட்டை வைத்து மரச்சுத்தியால் தட்டி மட்டம் பார்த்தல் ஒன்று. ஓட்டின் முதுகில் நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகக் கலவையை அப்பி ஒட்டுதல் மற்றொன்று. முன்னது, நீரைப் பருகும் பழைய மண்ணோட்டிற்குப் பொருந்தும்; அது சிமெண்டுப் பாலை உறிஞ்சி வேர்கொள்ளும். பீங்கானோ நூற்றுக்கு அரைப்பங்கும் பருகாது. வெறும் சிமெண்டுப் பால் அதன் முதுகைப் பற்றுவதில்லை. சின்னாளில் ஓடு கழன்று, தட்டினால் வெற்றோசை தரும். பின்னது பொள்ளலுக்குத் தானே வழிவகுப்பது. மெல்லிய ஓட்டிற்கு அது நஞ்சு. முன்னர்ச் சிறப்பென்ற நீர்ப்பருகாமை இடையூறாக மாறும் என்றது இதனையே.

ஆதலின், மெல்லிய பீங்கானைப் பதிப்போர் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

முதலாவது, அடித்தளம் மட்டமாயிருத்தல். மூன்று மீட்டர் மட்டப்பலகையை எப்பக்கம் வைத்துப் பார்ப்பினும், அதன் கீழ் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தோன்றலாகாது. பள்ளத்தை ஒட்டுக்கலவையால் நிரப்பி ஒப்பேற்றுதல் தகாது. முன்னரே சமன்செய்து உலரவிடுதல் வேண்டும்.

இரண்டாவது, பிசின் கலந்த ஒட்டுக்கலவையைப் பயன்படுத்தல். பல்வைத்த கரணையால் தளத்தின்மேலும் ஓட்டின் முதுகிலும் அதனைப் பரப்புதல் வேண்டும். கரணைக் கோடுகள் வளையாமல் ஒரே திசையிற் செல்லுதல் வேண்டும். வளைந்தால் காற்று உள்ளே சிக்கும். ஓட்டை வைத்தபின், அக்கோடுகளுக்குக் குறுக்காகச் சிறிதே அசைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தட்டி வெளியேற்றுதல் வேண்டும். பொதுவான ஓடுகளுக்கே உலர்ந்த அறையில் நூற்றுக்கு எண்பது பங்கும், நீர்புழங்கும் அறையில் தொண்ணூற்றைந்து பங்கும் கலவை படிதல் வேண்டும் என்பர். மெல்லிய ஓட்டிற்கு நூறே குறிக்கோளாதல் நன்று. முதல் இரண்டு மூன்று ஓடுகளைப் பதித்தவுடனே பெயர்த்துப் பார்த்து, முதுகெங்கும் கலவை படிந்துள்ளதா என்று அறிந்த பின்னரே தொடர்தல் வேண்டும்.

மூன்றாவது, விரிவுக்கு இடம்விடுதல். ஆறு மீட்டர் நீளமுள்ள பீங்கான் தளம் முப்பது பாகை வெப்பம் ஏறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதியாக நீளும். கீழேயுள்ள புதிய கான்கிரீட்டோ உலர உலரச் சுருங்கும். நீள்வதும் சுருங்குவதும் எதிரெதிராகும்போது இடம் இல்லையேல், ஓடுகள் இரண்டு கூடாரம்போல் நிமிர்ந்தெழும். சுவரோரத்தில் இடைவெளி விட்டு, பெரிய கூடங்களில் ஆறேழு மீட்டருக்கு ஒருமுறை நெகிழும் பொருளால் நிரப்பிய இணைப்பு அமைத்தல் வேண்டும். வெயில்படும் இடங்களில் இவ்விடைவெளி பின்னும் நெருங்கியிருத்தல் வேண்டும்.

நான்காவது, வெட்டுமிடத்தில் கருத்து. தூணுக்காகவோ நிலைப்படிக்காகவோ ஓட்டை மூலை மடிய வெட்டும்போது, உட்கோணத்தில் கூர்முனை விழுமாயின், அதுவே கிரிபித் கூறிய கீறலாகிப் பின்னாளில் வெடிப்பாக நீளும். முதலில் அக்கோணத்தில் ஒரு வட்டத் துளையிட்டு, அதன்பின் வெட்டுக்கோடுகளை அத்துளையில் வந்து முடியச் செய்தல் வேண்டும்.

இங்குத் தொழிலாளரைப் பற்றியும் ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். பீங்கானிற் படிகக்கல் உண்டு. சுழலும் வட்டவாளால் அதனை உலர வெட்டுங்கால் எழும் வெண்டூசி மூச்சில் நுழைந்து நுரையீரலிற் படியும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது மீளாத நோயாகும். நீர் ஊற்றி வெட்டுதலும் மூக்கிற்கு உரிய காப்பணிதலும் இன்றியமையாதன. மெல்லிய பலகையின் நற்பயன்களுள் ஒன்று, அதனைக் கண்ணாடிபோற் கீறி ஒடிக்கலாம் என்பது. அதனால் தூசி பெரிதும் குறைகின்றது. நம் தரை பளபளப்பதற்காகப் பிறரொருவர் மூச்சிழத்தல் அறமாகாது.

7. எங்குத் தகும், எங்குத் தகாது?

மெல்லிய ஓட்டின் பயன் மெய்யானதே. பத்து மில்லிமீட்டர் ஓடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிலோ எடையுடையது. ஐந்து மில்லிமீட்டர் ஓடு 12 கிலோவே. களிமண்ணும் எரிபொருளும் ஏற்றிச் செல்லும் வண்டிச்சுமையும் அதற்கேற்பக் குறையும். பழைய தரையின்மேல் நான்கு சென்டிமீட்டர்ச் சாந்திட்டுக் கனத்த ஓடு பதித்தால், சதுர மீட்டருக்கு நூறு கிலோவிற்கு மேற்பட்ட சுமை ஏறும். மெல்லிய ஓட்டை ஒட்டினால் ஏறுவது இருபது கிலோ அளவே. இருபது சதுர மீட்டர் அறையொன்றில் இவ்வேற்றுமை 1600 கிலோவாகும். பழைய மாடிகளுக்கு இது பெரியதோர் உதவி. தரை உயர்வதும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்குதலின், கதவுகளை அறுக்க வேண்டுவதில்லை. இடித்தெடுக்கும் குப்பையும் இல்லை.

எனவே, பழைய மொசைக்குத் தரையோ சிமெண்டுத் தரையோ திண்ணிதாய், வெடிப்பின்றி, எங்கும் வெற்றோசை தாராததாய் இருப்பின், அதன்மேல் ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் ஓட்டைப் படிக்கும் அறை, படுக்கையறை, கூடம், அலுவலகம் ஆகியவற்றிற் பதித்தல் தகும். பழைய தரையிலேயே கழன்ற கற்கள் இருப்பின் அவற்றை முதலிற் பெயர்த்துச் செப்பனிடல் வேண்டும். கழன்றதன்மேல் ஒட்டியதும் கழன்றதேயாகும்.

மரப்பலகைத் தளமும், நடந்தால் அதிரும் மெல்லிய தளமும் தகா. பாவுதளத்தின் நீளத்தை 360-ஆல் வகுத்து வரும் அளவிற்கு மேல் அது தொய்யலாகாது என்பது அமெரிக்க வழக்கு. மெல்லிய பெரும்பலகைக்கு அதனினும் திண்ணிய தளமே நன்று. அம்மியும் உரலும் எரிவாயு உருளையும் புரளும் அடுக்களையில், எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாத ஓடே அமைதி தரும். உலக்கையோ கனத்த பித்தளைப் பாத்திரமோ விழுமிடத்தில் மேற்பரப்புச் சிதறுதல் எவ்வோட்டிற்கும் உண்டெனினும், மெல்லியது அடிவரை பிளந்துவிடும். முதுகில் கண்ணாடி நூல்வலை ஒட்டிய பலகைகளும் கிடைக்கின்றன; அவ்வலை உடைந்த துண்டுகள் சிதறாமற் பிடித்து நிறுத்தும் என்பதன்றி, உடையாமை தரும் என்று எண்ணற்க. படிக்கட்டின் விளிம்பு, வண்டி நிறுத்துமிடம், பண்டசாலை, இரும்புச் சக்கரத் தள்ளுவண்டி ஓடும் கூடம் ஆகியவற்றிற்குக் கனத்த ஓட்டையோ கல்லையோ நாடுதல் நன்று.

மூன்று மில்லிமீட்டர்ப் பலகையைச் சுவருக்கும் அலமாரிக் கதவுக்கும் வைத்துக்கொள்வோமாக. செய்தவரே அதனைத் தரைக்கெனச் சோதித்து எழுத்தில் உறுதி தந்தாலன்றி, அதனைத் தரையில் இடல் வேண்டா.

செலவைக் குறித்தும் ஒரு சொல். மெல்லிய ஓட்டினால் மிஞ்சும் பணம், சமன்செய்யும் கலவைக்கும் பிசின் கலந்த ஒட்டுக்கலவைக்கும் தேர்ந்த தொழிலாளர் கூலிக்கும் பெரும்பாலும் சென்றுவிடும். ஆதலின், மலிவு கருதி இதனை நாடுதல் தவறு. இடமும் எடையும் கருதி நாடுதலே முறை. இக்கூலியைக் குறைக்க எண்ணி உருண்டைக் கலவையில் ஒட்டச் செய்பவர், இருமுறை தரையிடும் செலவை ஏற்க நேரிடும்.

முடிவுரை

மெல்லிய பீங்கான் ஓடு வலியதோ எனின், தனித்து நிற்கையில் எளியது. தக்க படுக்கையோடு ஒன்றியவழி வலியது என்பதே விடை. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையாத கனம், நெளியாத மட்டமான அடித்தளம், பொள்ளலற்ற முழு ஒட்டு, விரிவுக்கு விட்ட இடம் ஆகிய நான்கும் அமையின், வீட்டுத் தரைக்கு அது தகுதியுடையதே. இவற்றுள் ஒன்று குறையினும் கனத்த ஓட்டையே கொள்ளுதல் காப்பாகும். நம் மாணவருட் சிலர் பின்னாளிற் பொறியியலாராகவும், பலர் மனை எடுப்போராகவும் ஆவர். ஓடு வாங்கும் நாளில் அதன் நிறத்தையும் மினுக்கையும் நோக்குமுன், ஓரத்தில் அளவுகோலை வைத்துக் கனத்தை அளக்க. கட்டின்மேல் அச்சிட்ட விதியெண்ணையும் முறிசுமையையும் படிக்க. பதித்து முடிந்தபின், ஒரு நாணயத்தால் ஓட்டின் நான்கு மூலைகளையும் தட்டி ஓசையைக் கேட்க. கூலி கொடுக்கும் முன்னர் இச்சிறு சோதனையைச் செய்வார்க்கு, வெற்றோசை தரும் மூலையை அன்றே பெயர்த்துச் செப்பனிடச் செய்தல் எளிது.